நாத்தனார் கொடுத்த வாஷிங் மெஷினும் என் இரண்டு கைகளும்

மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு கோழி உட்கார்ந்துகொண்டு என்னை முறைத்தது.

செவிலிமேட்டில் என் நாத்தனார் அம்சாவின் வீடு. பின்பக்கத்தில், மோட்டார் கொட்டகையை ஒட்டி, மழையிலும் வெயிலிலும் பல வருஷமாகக் கிடந்த பழைய வாஷிங் மெஷின் அது. இரண்டு தொட்டி வைத்தது. ஒரு தொட்டியில் துணி சுழன்று அழுக்கு போகும். நாமே துணியை எடுத்து அடுத்த தொட்டியில் போட்டால் அது தண்ணீரைப் பிழிந்து தள்ளும். கோழி குடியேறியிருந்தது பிழிகிற தொட்டியில். அதற்கு அடியில் நான்கு முட்டைகள்.

"அண்ணி, அத்த இன்னாத்துக்குத் தொறக்கிற? அடை உக்காந்துக்கினு இருக்குது. கொத்திடும்" என்று துணிக்கொடியிலிருந்து அம்சா கத்தினாள்.

சொல்லி முடிப்பதற்குள் கொத்தியும் விட்டது. புறங்கையில் ஒரு பொட்டு ரத்தம். அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அம்சா, இத எனக்குக் குடு" என்றேன்.

"கோழியா?"

"மெஷினு."

அம்சா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "அண்ணி, அது செத்து அஞ்சாறு வருசம் ஆவுது. பழைய இரும்புக்காரனே தூக்க முடியாதுன்னு உட்டுட்டுப் போனான். நீ எத்துக்கினு போயி இன்னா செய்வ?"

"செத்துச்சா, தூங்குதான்னு நான் பாத்துக்கறேன். நீ கோழியத் தூக்கிக் கூடையில வெய்யி."

அன்று மாலையே குட்டியானை வண்டியில் மெஷின் ஏறியது. கோழிக்குத்தான் கடைசிவரை மனசே இல்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை கத்திக்கொண்டே இருந்தது.

எதற்கு இந்தப் பிடிவாதம்

போன வாரம் என் மூத்த மகள் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியிலேயே வடை தீர்ந்துபோன கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகி, "உங்களுக்குக் கோபம் ஜாஸ்தி போலிருக்கிறதே" என்று எழுதியிருந்தார். ஜாஸ்திதான் தாயே. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அந்தக் கோபம் எங்கே பிடித்து எங்கே வளர்ந்தது என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். கூடத்தில் பாதியை, தரையில் வெட்டிய குழிக்குள் காலை இறக்கி நெய்கிற குழித்தறி எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில்தான் சாப்பாடு, படுக்கை, டி.வி., வருகிற விருந்தாளி எல்லாம். தறி என் வீட்டுக்காரருடையது. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற சேலைக்கு ஒரு ஆள் போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடுகிற நாடாவைத் தள்ள வேண்டும்.

கல்யாணமான புதிதில் அந்த இன்னொருவர் நான்தான். சும்மா ஒன்றும் போய் உட்காரவில்லை. என் அப்பா வீட்டில் நானே தனித்தறி ஓட்டியவள். "எம்பொண்ணு கை பட்டா இழை பேசும்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். இழை பேசாது. ஆனால் நான் நன்றாக நெய்வேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

பிறகு சின்னவள் பிறந்தாள். குழந்தைத் துணி, பெரியவள் துணி, இவர் துணி, அப்போது உயிரோடு இருந்த மாமனார் துணி, கூடவே கொழுந்தன் பாபுவின் துணி. அத்தனையும் பின்பக்கக் கல்லில் நான் அடித்துத் துவைத்தவை. சோப்புத்தூள் என் உள்ளங்கையைத் தின்றது. விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. மிளகாய் கிள்ளினால் கண்ணில் தண்ணீர் வரும். ரப்பர் உறை மாட்டிப் பார்த்தேன். இரண்டே நாளில் கல் அதைக் கிழித்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு சேலையில் இழை இழுத்திருக்கிறது என்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கை சொரசொரன்னு ஆயிடுச்சு சரசு. பட்டு மாட்டுது. நீ எறங்கிடு. பாபு உக்காரட்டும்."

அவ்வளவுதான். இறங்கினேன். பதினைந்து வருஷம் ஆயிற்று.

எங்கள் தெருவில் இதை யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். பட்டு தொடுகிற கை வழவழவென்று இருக்க வேண்டும் என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நெய்கிறவர்கள் பாத்திரம் தேய்க்க மாட்டார்கள், சோப்புத் தண்ணீரில் கை வைக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் தினம் காலையில் சாமி கும்பிட்ட கையோடு தேங்காயெண்ணெய் தொட்டு விரல் விரலாகத் தடவிக்கொண்டுதான் தறியில் உட்காருவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடப் பிழிந்தவர் இல்லை. "என் கை போனா குடும்பமே போச்சு" என்பார். அது உண்மைதான் என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஆனால் என் கையைக் கெடுத்தது எது? அவருடைய சட்டை. கெட்ட கையை வைத்துக்கொண்டு என்னைத் தறியில் உட்காரக்கூடாது என்று சொன்னது யார்? அவர். அதே கையால் நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்குழலான தார் மட்டும் நான் சுற்றிக் கொடுக்கலாமாம். விரலில் துணி சுற்றிக்கொண்டு சுற்றுவேன். கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்கிற கதை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது பாபுவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நல்ல பிள்ளை. "இந்தப் பாவு முடிஞ்சதும் கெளம்பறேன் அண்ணா, நடுவுல உட்டுட்டுப் போவ மாட்டேன்" என்றான். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்; ஒரு பாவில் மூன்று சேலை. முதல் சேலை அப்போதுதான் பாதி ஏறியிருந்தது.

"அடுத்த பாவுக்கு ஒரு கூலி ஆளு பாக்கணும்" என்றார் இவர்.

"ஆளு எதுக்கு? நான் உக்காரறேன்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெடிப்பு வெடிப்பாக, எனக்கே தொடப் பிடிக்காத கை.

கணக்குப் போட்டேன். இரண்டரை சேலை முடிய எப்படியும் இரண்டு மாதம் பிடிக்கும். அதற்குள் இந்தக் கையைச் சோப்பிலிருந்து காப்பாற்றிவிட்டால் தறி எனக்கு. காப்பாற்றாவிட்டால் அந்த இடத்தில் வேறொரு ஆள் வந்து உட்கார்ந்துவிடுவான். வந்து உட்கார்ந்தவனை எழுப்ப முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கடையில் போய்ப் புதிதாக ஒரு மெஷின் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். இவருக்கு மெஷின் என்றாலே ஆகாது. "மெஷின்ல போட்டா துணி செத்துடும்" என்பார். புதிது வாங்க வேண்டுமென்றால் அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். நாத்தனார் வீட்டில் கோழி உட்கார்ந்திருந்ததைத் தூக்கி வர யார் சம்மதமும் வேண்டாம். தவிர, எங்கள் தெருவில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். டிரம்மில் பிடித்து வைத்ததைத்தான் மொண்டு ஊற்ற வேண்டும். பழைய மெஷின் வாளியால் ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும்.

இதெல்லாம் காரணம். இன்னொன்றும் உண்டு: என் கையாலேயே செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

மெட்டி

வண்டியிலிருந்து மெஷினை இறக்கும்போது தெருவே வாசலில் நின்றது.

"இன்னா சரசு, காயலான் கடை வெக்கப் போறியா?" என்று இவர் கேட்டார்.

"ஆமாங்க. மொதல்ல உங்களத்தான் எடைக்குப் போடப் போறேன்" என்றேன். பாபு சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினான்.

பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் நான்கு செங்கல் அடுக்கி அதன் மேல் ஏற்றினோம். பின்பலகையைக் கழற்றினேன். பயமெல்லாம் இல்லை. தறியில் எந்தக் கயிறு எந்தக் கட்டையைத் தூக்குகிறது, எதை மிதித்தால் எது எழும்புகிறது என்று தெரிந்தவளுக்கு இது என்ன பெரிய வித்தை? இரண்டு மோட்டார். ஒன்றிலிருந்து பெல்ட் போய்த் துவைக்கிற தட்டைச் சுற்றுகிறது. இன்னொன்று பிழிகிற தொட்டியை நேராகச் சுற்றுகிறது. பிழிகிற மூடியைத் திறந்தால் ஒரு கம்பி இழுத்து பிரேக் பிடிக்கிறது. பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தேன், புரிந்துவிட்டது.

பெல்ட் வெடித்திருந்தது. பிரேக் கம்பி துரு பிடித்து அறுந்திருந்தது. அடியில் ரப்பர் கிழிந்திருந்தது. எலி கூடு கட்டி, போகிற போக்கில் ஒயர்களையும் கடித்து வைத்திருந்தது. எல்லாவற்றையும்விட, துவைக்கிற தொட்டியின் அடித்தட்டு அசைய மறுத்தது. நடு ஸ்குரூ துருவில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் சுத்தியலால் ஒரு தட்டு, ஒரு திருப்பு. "டக்"கென்று விட்டது.

தட்டுக்கு அடியில் ஒரு குடித்தனமே இருந்தது. ரவிக்கைக் கொக்கிகள், சட்டைப் பொத்தான்கள், ஊக்கு, கருப்பாகிப்போன ஒரு வெள்ளி மெட்டி.

மெட்டியைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை சூடேறியது. அது அம்சாவின் மெட்டி. அவள் பிள்ளை பெற்று வந்த சமயம், ஒத்தாசைக்கு நான் போய் ஒரு மாதம் இருந்தேன். அப்போது காணாமல் போனது. "நீதான் எடுத்தே" என்று அவள் சொல்லவில்லை. ஆனால் "அண்ணி, மெட்டியப் பாத்தியா?" என்று மூன்று தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்டபோது என் பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

உடனே போன் போட்டேன். "அம்சா, உம்மெட்டி கெடச்சுது. மெஷின் வயித்துல இருக்குது."

"நான் அப்பவே உன்ன ஒண்ணும் சொல்லலயே அண்ணி" என்றாள்.

"சொல்லல. கேட்ட. மூணு வாட்டி கேட்ட."

மறுநாள் பாபு கையில் ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டை வந்தது. மெட்டியைப் புளி போட்டுத் துலக்கி அதே பையில் அனுப்பி வைத்தேன். முட்டைக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஒரே வரிசையில் ஏழு

பெல்ட் கடைவீதியில் கிடைத்தது. பிரேக் கம்பிக்கு சைக்கிள் கடையில் பிரேக் ஒயர் வாங்கி அளவுக்கு வெட்டிப் போட்டேன். ரப்பரும் மாற்றியாயிற்று. துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்டும் அடித்தேன். ஸ்குரூ சின்னதாக இருந்ததால் கையில் உறை போட்டுக்கொண்டு பிடிக்க வரவில்லை. உறை இல்லாமலேயே செய்தேன். மண்ணெண்ணெய், துரு, உப்புத்தாள் எல்லாம் சேர்ந்து கை முன்னைவிட மோசமாயிற்று.

"கையக் காப்பாத்தறேன்னு சொல்லிக்கினு கையத் தேச்சுக்கினு இருக்கிற" என்றார் இவர்.

திருப்பிச் சண்டைக்குப் போகாமல், உப்புத்தாளை எடுத்து மறுபடி தேய்த்தேன். அது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

கடைசியாக ஒயர். எலி கடித்தது ஏழு. இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். வேறு ஊரில் எந்த எலக்ட்ரீஷியனும் செய்திருக்க மாட்டான். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

தறியில் பழைய பாவு முடிந்தால் அதை அறுத்து எறிந்துவிட்டுப் புதிதைப் போட மாட்டோம். பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதிய பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டுத் திரித்துப் பிணைப்போம். ஆயிரக்கணக்கான இழை. பிணைத்து முடித்தால் அத்தனை பிணைப்பும் கோடு போட்டது போல ஒரே வரிசையில் நிற்க வேண்டும். தடிக்கவும் கூடாது. தடித்தால், இழைகளைப் பிரித்து நிறுத்துகிற சீப்பு மாதிரியான அச்சில் நுழையாது. அப்பா வீட்டில் நான் பிணைத்த பாவைப் பார்க்கப் பக்கத்துத் தறிக்காரர்கள் வருவார்கள்.

அதே மாதிரி ஏழு ஒயரையும் சமமாக வெட்டினேன். வரிசை கலையாமல் இரண்டு விளக்குமாற்றுக் குச்சிக்கு நடுவில் பிடித்தேன். மேல்தோலைச் சீவி, செம்புக் கம்பியைத் திரித்து, மெல்லிசாக ஒரே சுற்று டேப் ஒட்டினேன். ஏழு பிணைப்பும் பக்கம் பக்கமாக, ஒரே கோட்டில். அத்தனை அழகு.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "நல்லா பெணச்சிருக்கிற சரசு" என்றார். தறியை விட்டு இறங்கிய பிறகு என் கை வேலையை அவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. மனசு நிறைந்துவிட்டது. இரண்டு பேரும் நின்று அந்த ஒயரை ரசித்தோம். இரண்டு முட்டாள்கள்.

தண்ணீர் ஊற்றினேன். இவருடைய லுங்கி இரண்டைப் போட்டேன். குமிழைத் திருப்பினேன். ஓடியது! தட்டு இந்தப் பக்கம் நான்கு சுற்று, அந்தப் பக்கம் நான்கு சுற்று. நுரை பொங்கியது. நான் பாபுவைக் கூப்பிட்டுக் கத்துவதற்குள் மெஷின் ஒரு குலுங்கு குலுங்கியது. "பட்"டென்று ஒரு சத்தம். புகை. வீட்டில் கரண்ட் போயிற்று. கூடத்தில் மின்விசிறி மெதுவாக நின்றது.

இவர் சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். சிரிக்கவில்லை. "வுட்டுடு சரசு. ஒரு ஆளுகிட்ட சொல்லி வெச்சிருக்கிறேன். பாபு போனதும் வரேன்னு சொல்லிக்கீறான்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். கொல்லையில் நுரைத் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டு, முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன். பிறகு அவர் லுங்கியை எடுத்துக் கல்லில் அடித்துத் துவைத்தேன். அன்றைக்கு அந்த லுங்கி பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

மறுநாள் கருகின ஒயர் கத்தையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் காதர் பாய் கடைக்குப் போனேன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும். கத்தையைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா, தறிக்கார வூடா?"

"எப்படித் தெரியும்?"

"ஒயர இம்மாம் வரிசையா வேற யாரு கட்டுவாங்க? பட்டுக்கு இது ஜோரா இருக்கும். கரண்டுக்குப் பக்கத்துல பக்கத்துல வெச்சா அடிதடிதான். மெஷின் ஆடும்போது ஒண்ணோட ஒண்ணு ஒரசி, டேப்பு பிஞ்சு, ரெண்டும் முட்டிக்கிச்சு. ஒண்ண மேல போடு, ஒண்ணக் கீழ போடு. தள்ளித் தள்ளிப் போடணும்."

"மோட்டார் போயிடுச்சா பாய்?"

"கொண்டாந்து காட்டு."

காட்டினேன். மோட்டார் தப்பித்தது. கூட இருக்கிற கண்டென்சர் மட்டும் போயிற்று. அதை மாற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஏழு ஒயரையும் ஏழு நீளத்தில் வெட்டினேன். ஒன்று மேலே, ஒன்று கீழே, கோணல்மாணலாக. டேப்பைத் தடி தடியாகச் சுற்றினேன். பார்க்கச் சகிக்கவில்லை. இந்த வேலையை என் அப்பா பார்த்திருந்தால் என்னை மகள் என்றே சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனால் ஓடியது. அன்றும் ஓடியது, மறுநாளும் ஓடியது. பிழிகிற தொட்டி எழுப்புகிற சத்தத்தில் முதல் வாரம் எதிர்வீட்டு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது. இவர் தன் வெள்ளைச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் விரித்து, காலரைப் பார்த்தார், தையலைப் பார்த்தார். "கிழியல" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அன்றிலிருந்து நான் சோப்புத்தூளைத் தொடவில்லை. கரண்டியால் போடுவேன். துணியை ஒரு கோலால் தூக்கி அடுத்த தொட்டியில் போடுவேன். கல்லே இல்லாததால் ரப்பர் உறையும் கிழியாமல் உழைத்தது. மூன்று வேளையும் விளக்கெண்ணெய் தடவினேன். வெடிப்பு மூடியது. தோல் உரிந்தது, புதுத்தோல் வந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதுகூட என் கையை நானே பார்த்துக்கொள்வேன். சொன்னால் சிரிப்பீர்கள், ஐந்து வாரம் அந்தக் கையைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தேன்.

கை பார்த்த காலை

பாபுவின் மூன்றாவது சேலையும் தறியிலிருந்து அறுத்தாயிற்று. புதிய பாவு பிணைத்து ஏறிவிட்டது. மறுநாள் பாபு வேலையில் சேர வேண்டும். கூலி ஆளுக்கு, வா என்றோ வராதே என்றோ அன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

காலைச் சாப்பாடு முடிந்தது. பின்பக்கம் மெஷினில் துணி ஓடிக்கொண்டிருந்தது. நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். தறிக் குழியின் விளிம்பில் இவரும் பாபுவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாருங்க" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

இவர் ஒற்றைப் பட்டிழையை எடுத்தார். என் இடது உள்ளங்கையில் வைத்து மெதுவாக இழுத்தார். வழுக்கிக்கொண்டு போயிற்று. விரல் விரலாக இழுத்தார். போயிற்று. வலது கை. உள்ளங்கை, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், எல்லாம் போயிற்று. ஆள்காட்டி விரலின் ஓரத்தில் இழை நின்றது. இழுத்தார். வரவில்லை.

"மாட்டுது" என்றார்.

ஒரே வார்த்தை. பாபு தலையைக் குனிந்துகொண்டான். பதினைந்து வருஷம் கழித்து, இத்தனை பாடுபட்டு, ஒரு எள்ளளவு தோலா?

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அவர் கையிலிருந்த இழையைப் பிடுங்கினேன். அவருடைய வலது கையை இழுத்து என் மடியில் வைத்தேன்.

"இன்னா செய்யற?"

"சும்மா இருங்க."

இழையை வைத்து இழுத்தேன். கட்டை விரல் அடியில் மாட்டியது. எடுத்து மறுபடி வைத்து இழுத்தேன். ஆள்காட்டி விரல் பக்கம், நூலை அடித்து இறுக்குகிற பலகையைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இடத்தில், இன்னொரு தரம் மாட்டியது. தினமும் தேங்காயெண்ணெய் தடவுகிற கை.

"அண்ணா, உனக்கு ரெண்டு எடத்துல" என்று பாபு சொல்லிவிட்டு, சொன்னதற்காகப் பயந்துபோய் அண்ணனைப் பார்த்தான். நான் அவன் கையையும் இழுத்தேன். அவனுக்கும் ஒரு இடம்.

இவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"எல்லாத் தறிக்காரனுக்கும் மாட்டும் சரசு. பலக புடிக்கிற கை வேற எப்படி இருக்கும்? மாட்டற எடத்தால இழையத் தொடக்கூடாது. அவ்ளோதான். நான் நடுவெரலால தொடுவேன்."

"இத அன்னிக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

அவர் யோசித்தார். என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. அது அவருடைய நல்ல குணம் என்று இருபது வருஷத்துக்கும் மேலாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"சொல்லியிருந்தா துணி யாரு தொவைக்கிறது?" என்றார்.

பாபு எழுந்து, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். அவன் டீ குடிப்பதை விட்டு வருஷக்கணக்காகிறது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எனக்கு மாமியார் கிடையாது. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அந்த அம்மாள் போய்விட்டார். அவர் இல்லாத குறையை இவர் தீர்த்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. ஆச்சரியம், கத்த வரவில்லை. "பதினஞ்சு வருசம் எங்கையத்தான் குத்தம்னு நெனச்சேன்" என்றேன். "ராத்திரி படுக்கும்போது இந்தக் கையப் பாத்துப் பாத்து வெறுத்தேங்க."

அவர் முகம் மாறியது. அவர் அதை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

பின்பக்கம் மெஷின் ஓடி முடித்து நின்றது.

"எழுந்திருங்க" என்றேன்.

"எங்க?"

"தொட்டியில துணி இருக்குது. எடுத்து பக்கத்துத் தொட்டியில போட்டு, மூடிய நல்லா அழுத்தி மூடி, அஞ்சு நிமிசம் சுத்த உடுங்க. அப்பறம் கொடியில காயப் போட்டுட்டு வாங்க."

அவர் எழுந்தார். இரண்டு அடி போனார். நின்று, தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"கை?" என்றார்.

"நடுவெரலால தொடுங்க" என்றேன்.

அவர் போனார். நான் பாபு உட்காரும் இடத்தில் உட்காரவில்லை. அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலை இறக்கி, பலகையைப் பிடித்து, முதல் நாடாவைத் தள்ளினேன்.